எல்லா மெதட்டும் சின்க்ரனைஸ்ட். பிறகு ஏன் ஒரே ஆசனம் இரண்டு பேருக்குப் போனது?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்களுக்கு ஆசன முற்பதிவு செய்யும் ஒரு ஜாவா செயலி. எந்த ஆசனம் யாருக்கு என்ற விவரம் ஒரு ஹாஷ்டேபிளில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று சோடியாக வைக்கும் ஒரு மேப்) இருக்கிறது. அதன் மெதட்கள் எல்லாம் சின்க்ரனைஸ்ட், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடரை) மட்டும் உள்ளே விடும் பூட்டுள்ளவை என்பதால் வேறு பாதுகாப்பு எதுவும் போடவில்லை. பொங்கலுக்கு முந்திய கிழமை நெரிசலில் 14ஆம் இலக்க ஆசனத்துக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்கப்பட்டுவிட்டது. இது ஜாவாவின் பிழையா, பல திரெட்கள் பாவிப்பதற்கென்றே செய்த கன்கரன்ட்ஹாஷ்மேப்புக்கு மாறினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜாவாவில் பிழை இல்லை. மேப்பை மட்டும் மாற்றினால் தீரவும் தீராது. ஹாஷ்டேபிள் தருவதாகச் சொன்னதைத் தந்திருக்கிறது. நீங்கள் அதனிடம் எதிர்பார்த்தது வேறு.

அது தருவது என்ன? ஒரு திரெட் அந்த ஒப்ஜெக்ட்டின் ஒரு மெதட்டுக்குள் இருக்கும்போது இன்னொரு திரெட் அதே ஒப்ஜெக்ட்டின் எந்த சின்க்ரனைஸ்ட் மெதட்டுக்குள்ளும் நுழைய முடியாது. அதனால் மேப்பின் உள் அமைப்பு சிதையாது. இது சின்ன விஷயமல்ல. சாதாரண ஹாஷ்மேப்பைப் பூட்டில்லாமல் பல திரெட்கள் எழுதினால் பதிவுகள் காணாமல் போகும். ஜாவா 8க்கு முந்திய பதிப்புகளில் மேப் பெருக்கப்படும் நேரத்தில் உள்ளே இருக்கும் பட்டியல் வட்டமாகி, வாசிக்க வந்த திரெட் முடிவில்லாமல் சுற்றி சிபியுவைத் தின்றுகொண்டிருக்கும். ஹாஷ்டேபிளில் இது நடக்காது. ஆனால் "ஓர் ஆசனத்துக்கு ஒரு பயணிதான்" என்ற விதி உங்களுடையது. அது ஹாஷ்டேபிளுக்குத் தெரியாது, எனவே அதைக் காக்கவும் முடியாது.

உங்கள் கோட் செய்வது இரண்டு அழைப்புகள்: கன்டெய்ன்ஸ்கீ கொண்டு 14 எடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் புட் கொண்டு பெயரைப் போடுவது. இரண்டு திரெட்கள் இப்படி வந்தால்:

திரெட் அ: கன்டெய்ன்ஸ்கீ 14. பூட்டை எடுத்தது, "இல்லை" என்ற பதிலுடன் பூட்டை விட்டது.
திரெட் ஆ: கன்டெய்ன்ஸ்கீ 14. பூட்டை எடுத்தது, இதற்கும் "இல்லை", பூட்டை விட்டது.
திரெட் அ: புட் 14, முதல் பயணி.
திரெட் ஆ: புட் 14, இரண்டாம் பயணி. முதல் பெயர் அழிந்தது.

நான்கு அழைப்புகளும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தன. எந்த இடத்திலும் பூட்டு தவறவில்லை. முதல் அழைப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பூட்டு யாரிடமும் இல்லை என்பதே சிக்கல். திரெட்-சேஃப்டியை (பல திரெட்கள் ஒன்றாகப் பாவித்தாலும் பிழையாகாமையை) ஒரு கிளாஸின் குணமாகப் பார்ப்பதால் இந்தத் தவறு வருகிறது. அதை ஒரு செயலின் குணமாகப் பாருங்கள்: எந்த விதியைக் காக்க வேண்டும், அதற்கு எந்த வரியிலிருந்து எந்த வரி வரை ஒரே பூட்டு பிடிபட வேண்டும்?

மேப் அளவில் திருத்தம் ஒரே வரி. கன்டெய்ன்ஸ்கீ, புட் இரண்டையும் எடுத்துவிட்டு புட்இஃப்அப்சன்ட் போடுங்கள். அது பார்ப்பதையும் போடுவதையும் ஒரே பூட்டுக்குள் செய்யும். ஹாஷ்டேபிளுக்கு இது ஜாவா 8இல் வந்தது. கன்கரன்ட்ஹாஷ்மேப்பில் 2004இல் வெளிவந்த ஜாவா 5 முதலே உண்டு. திரும்பி வரும் மதிப்பைக் கட்டாயம் பாருங்கள். நல் (null, அதாவது முன்பு எதுவும் இல்லை) வந்தால் ஆசனம் உங்களுக்கு. வேறு எது வந்தாலும் முந்திக்கொண்டவரின் பதிவு அது. புட்இஃப்அப்சன்ட் போட்டுவிட்டு, திரும்பியதைப் பார்க்காமல் "பதிவு வெற்றி" என்று அனுப்பும் கோடும் நிறைய உண்டு. அங்கே முதல் பெயர் அழியாது, ஆனால் இரண்டாமவரிடமும் பணம் வாங்கப்படும். எண்ணிக்கை கூட்டும் இடங்களிலும் இதே கதைதான்: கெட் செய்து, ஒன்று கூட்டி, புட் செய்தால் கூட்டல்கள் தொலையும், வாசித்து, மாற்றி, எழுதுவதை ஒரே அழைப்பில் செய்யும் மெர்ஜ் அல்லது கம்ப்யூட் பாவியுங்கள்.

இனி கன்கரன்ட்ஹாஷ்மேப். அதிலும் கன்டெய்ன்ஸ்கீ, புட் என்று தனித்தனியாக எழுதினால் மேலே சொன்ன நான்கு படிகளும் அப்படியே நடக்கும். அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. ஹாஷ்டேபிளின் மெதட்கள் அந்த ஒப்ஜெக்ட்டையே பூட்டாகப் பாவிக்கின்றன. எனவே ஓரிடத்தில் நீங்கள் அந்த ஒப்ஜெக்ட்டின் மேல் சின்க்ரனைஸ்ட் பிளொக் போட்டு, உள்ளே பார்த்துப் போட்டால், வேறு இடத்தில் வெறும் புட் அழைக்கும் திரெட்டும் காத்திருக்கும். கன்கரன்ட்ஹாஷ்மேப்பின் புட் அந்தப் பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது உள்ளே தன் சொந்த, சின்னச் சின்னப் பூட்டுகளைப் பாவிக்கிறது. ஆகவே வெளிப் பிளொக்குகளுடன் சரியாக ஓடிக்கொண்டிருந்த பழைய கோடில் வகையை மட்டும் மாற்றினால், கம்பைல் ஆகும், சோதனையும் பெரும்பாலும் தாண்டும், பாதுகாப்பு மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். மாற்றுவதாயிருந்தால் ஒவ்வொரு வெளிப் பிளொக்கையும் தேடிப்பிடித்து, அதன் உள்ளடக்கத்தை புட்இஃப்அப்சன்ட், கம்ப்யூட் போன்ற ஒற்றை அழைப்பாக்குங்கள். கம்ப்யூட்டுக்குக் கொடுக்கும் ஃபங்ஷன் சுருக்கமாக இருக்க வேண்டும். அதற்குள் அதே மேப்பின் வேறு பதிவுகளைத் தொடக்கூடாது. அதன் சைஸ் மெதட் தருவது மற்றத் திரெட்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மதிப்பீடு மட்டுமே. "மீதி ஆசனம் இருக்கிறதா" என்ற முடிவை அதை நம்பி எடுக்காதீர்கள்.

சுற்றிவரும் லூப்கள் அடுத்த பொறி. 1998இல் ஜாவா 1.2உடன் வந்த சாதாரண பட்டியலையும் மேப்பையும் சுற்றிப் பூட்டுப் போடும் சின்க்ரனைஸ்ட்லிஸ்ட், சின்க்ரனைஸ்ட்மேப் உறைகளிலும், பழைய பட்டியல் வகையான வெக்டரிலும் ஒவ்வொரு அழைப்பும் பூட்டுக்குள்தான் நடக்கும். ஆனால் ஃபோர் லூப் என்பது பல அழைப்புகள். இடையில் வேறு திரெட் ஒரு பயணியைச் சேர்த்தால் கன்கரன்ட்மொடிஃபிகேஷன்எக்செப்ஷன் வரும். காத்திருப்போர் பட்டியல் ஒரு வெக்டர் என்று வைத்துக்கொள்வோம். சைஸ் பூச்சியத்தைவிடக் கூட என்று பார்த்துவிட்டு கடைசி ஆளை எடுக்கப் போனால், அதற்கிடையில் வேறொருவர் எடுத்திருப்பார். எல்லை தாண்டிய எக்செப்ஷன் விழும். லூப் முழுவதையும் அந்த உறை ஒப்ஜெக்ட்டின் மேல் பூட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். சின்க்ரனைஸ்ட்மேப்பின் கீசெட்டைச் சுற்றும்போதுகூடப் பூட்ட வேண்டியது மேப்பைத்தான், கீசெட்டை அல்ல. ஜாவாவின் சொந்த ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது, ஆனாலும் மாறிப் பூட்டிய கோட் அடிக்கடி கண்ணில் படும். ஹாஷ்டேபிளின் பழைய எனுமரேஷனில் சுற்றினால் எக்செப்ஷன்கூட வராது, அது இடைமாற்றத்தைக் கண்டுபிடிப்பதே இல்லை. பிழை தெரியாமல் இருப்பது பிழை இல்லாமல் இருப்பதாகாது.

எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும், மெதட்கள் சின்க்ரனைஸ்ட்டான ஸ்ட்ரிங்பஃபரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு திரெட்கள் ஒரே பஃபரில் மூன்று மூன்று அப்பென்ட் செய்தால் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். பகிராத இடத்தில் பூட்டில்லாத ஸ்ட்ரிங்பில்டரே போதும்.

நீங்களே எழுதும் கிளாஸ்களில் முதலில் கேட்க வேண்டியது: எந்தப் பூட்டு? சாதாரண சின்க்ரனைஸ்ட் மெதட் அந்த ஒப்ஜெக்ட்டைப் பூட்டுகிறது. ஸ்டாட்டிக் சின்க்ரனைஸ்ட் மெதட் அந்த கிளாஸின் கிளாஸ் ஒப்ஜெக்ட்டைப் பூட்டுகிறது. இவை இரண்டு வேறு பூட்டுகள். ஒரே ஸ்டாட்டிக் மேப்பை இரண்டு வகை மெதட்களும் தொட்டால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ரிக்குவெஸ்ட்டுக்கும் நியூ போட்டு ஒரு சேவை ஒப்ஜெக்ட்டை உருவாக்கினாலும் அதே நிலைதான்: ஆளுக்கொரு பூட்டு, எனவே பூட்டே இல்லாததற்குச் சமம். இன்டீஜர் ஃபீல்டைப் பூட்டாகப் பாவித்து உள்ளே அதையே ஒன்று கூட்டினால், கூட்டிய கணத்தில் அந்த ஃபீல்ட் வேறு ஒப்ஜெக்ட்டைக் காட்டும். அடுத்து வருபவர் வேறு பூட்டைப் பிடிப்பார். ஸ்ட்ரிங் லிட்டரல் (கோடில் மேற்கோளுக்குள் நேராக எழுதிய சொல்) பூட்டு இதற்கு எதிர்த்திசைத் தவறு: அதே எழுத்துகளுள்ள லிட்டரல் ஜேவிஎம் (ஜாவா செயலியை ஓட்டும் இயந்திரம்) முழுவதும் ஒரே ஒப்ஜெக்ட் என்பதால் சம்பந்தமில்லாத கோட் உங்கள் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரைவேட் ஃபைனல் ஒப்ஜெக்ட் ஒன்றை வைத்து அதைப் பூட்டுங்கள். எந்த ஃபீல்டை எந்தப் பூட்டு காக்கிறது என்பதை கார்டட்பை அனோட்டேஷனாக ஃபீல்டுக்கு மேலேயே எழுதிவையுங்கள். எரர்ப்ரோன் கருவி அதைக் கம்பைல் நேரத்திலேயே சரிபார்க்கும்.

"எழுதும் மெதட்டுக்குத்தான் பூட்டு வேண்டும், வாசிக்க வேண்டாம்" என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. பூட்டு ஆட்களைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. ஒரு திரெட் பூட்டை விடும் முன் எழுதியவை, பிறகு அதே பூட்டை எடுக்கும் திரெட்டுக்குக் கட்டாயம் தெரியும் என்பது ஜாவாவின் மெமரி மொடல் தரும் உத்தரவாதம். இன்றைய வடிவம் ஜாவா 5இல் வரையறுக்கப்பட்டது. வாசிப்பவர் பூட்டை எடுக்காவிட்டால் அந்த உத்தரவாதம் இல்லை. மீதி ஆசனக் கணக்கைப் பூட்டில்லாமல் வாசிக்கும் திரெட் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம். நிறுத்தக் கொடியாக வைத்த சாதாரண பூலியனை லூப்பில் வாசித்தால், ஓடும்போதே கோடை வேகப்படுத்தும் ஜிட் கம்பைலர் அந்த வாசிப்பை லூப்புக்கு வெளியே தூக்கிவிட உரிமை உண்டு. லூப் நிற்கவே நிற்காது. கட்டணத்தைச் சதக்கணக்கில் லோங் ஃபீல்டாக வைத்திருந்தால், 64 பிட் எழுத்தை இரண்டு 32 பிட் பாதிகளாகச் செய்யவும் மொழி விதி அனுமதிக்கிறது. தனி மதிப்பொன்றைக் காட்ட மட்டும் என்றால் எழுதியதை மற்றத் திரெட்களுக்கும் தெரியவைக்கும் வொலட்டைல் போதும். ஆனால் வொலட்டைல் ஃபீல்டில் பிளஸ் பிளஸ் போட்டால் வாசி, கூட்டு, எழுது என்ற மூன்று படிகளுக்கிடையில் மீண்டும் இடைவெளி வந்துவிடும். அதற்கு, மூன்று படிகளையும் ஒன்றாகச் செய்யும் அட்டொமிக்இன்டீஜர்.

கெட்டர் (உள்ளிருக்கும் மதிப்பை எடுத்துத் தரும் மெதட்) பூட்டுக்குள் இருந்தாலும், உள்ளேயிருக்கும் லிஸ்ட்டையே தூக்கிக் கொடுத்தால் பூட்டு பயனற்றது. வாங்கியவர் அதை வெளியே வைத்துப் பூட்டில்லாமல் மாற்றுவார். பூட்டுக்குள் நின்று லிஸ்ட்டின் கொப்பிஓஃப் மூலம் பிரதியெடுத்துக் கொடுங்கள். கொடுக்கும் பயணி ஒப்ஜெக்ட்களும் மாற்ற முடியாதவையாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம். உங்கள் செயலி ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் ஓடி, பதிவுகள் தரவுத்தளத்துக்குப் போவதானால், ஆசனம் பதியும் மெதட்டுக்கு மேலே டிரான்சாக்ஷனல் (எல்லாம் சேர்ந்து பதிவாகும், இல்லையேல் எதுவும் பதிவாகாது) என்றும், அதே மெதட்டில் சின்க்ரனைஸ்ட் என்றும் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பார்க்க இரட்டைப் பாதுகாப்புப் போல இருக்கும். நடப்பதை வரிசையாகப் பாருங்கள். டிரான்சாக்ஷனைத் தொடங்குவதும் கமிட் செய்வதும் (பதிவை நிரந்தரமாக்குவதும்) உங்கள் மெதட் அல்ல, அதைச் சுற்றி ஸ்பிரிங் வைக்கும் புரொக்சி என்ற இடைத்தரகர் ஒப்ஜெக்ட். புரொக்சி டிரான்சாக்ஷனைத் தொடங்கும். உங்கள் மெதட்டை அழைக்கும். அப்போது பூட்டு எடுபடும். ஆசனம் காலியா என்று பார்த்து எழுதுவீர்கள். மெதட் முடியும்போது பூட்டு விடுபடும். அதற்குப் பிறகுதான் புரொக்சி கமிட் செய்யும். பூட்டு விட்டதற்கும் கமிட்டுக்கும் இடையே உள்ளே வரும் அடுத்த திரெட் தரவுத்தளத்தைக் கேட்டால், கமிட் ஆகாத உங்கள் பதிவு அதற்குத் தெரியாது. ஆசனம் காலி என்றே பதில் வரும். சாதாரண நாட்களில் இந்த இடைவெளி மிகச் சிறியது. பண்டிகைக் காலத்தில் தரவுத்தளம் தடுமாறி கமிட் மெதுவாகும்போது அது விரியும். நெரிசல் நாட்களில் மட்டும் இந்தப் பிழை தலைகாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

பூட்டை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுத்தால், அதாவது வெளி மெதட்டில் பூட்டி, உள்ளே டிரான்சாக்ஷன்டெம்ப்ளேட் கொண்டு வேலையைச் செய்தால், இந்த இடைவெளி அடைபடும். அப்போதும் இரண்டு ஓட்டைகள் மிஞ்சும். ஒன்று, அந்த வெளி மெதட்டையே ஏற்கெனவே டிரான்சாக்ஷனில் இருக்கும் இன்னொரு மெதட் அழைத்தால் கமிட் மறுபடி வெளியே போய்விடும். மற்றது பெரியது: சின்க்ரனைஸ்ட் பூட்டு ஒரு ஜேவிஎம்முக்குள் மட்டுமே. நெரிசலுக்கென்று இரண்டாவது சர்வரை ஏற்றிய நிமிடத்திலிருந்து இரண்டு சர்வர்களிலும் இரண்டு வேறு பூட்டுகள். புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சில வினாடிகள் ஒன்றாக ஓடினாலும் இதே நிலைதான். ஹாஷ்டேபிளை மட்டும் நம்பியிருந்தால் சர்வர் மறுபடி தொடங்கும்போது பதிவுகளும் போய்விடும்.

எனவே விதியைத் தரவு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் எல்லா ஆசனங்களையும் முன்கூட்டியே வரிகளாகப் போட்டு, பயண இலக்கம், ஆசன இலக்கம் இரண்டும் சேர்ந்த யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே சோடி இருமுறை வரவிடாத விதி) ஒன்றை வையுங்கள். ஆசனத்தைப் பிடிக்கும்போது முன்கூட்டி செலக்ட் செய்து பார்க்க வேண்டாம். நேராக ஒரு அப்டேட்: நிலையை "பிடித்தது" என்று மாற்று, பிடித்தவர் இவர், காலாவதி இப்போதிலிருந்து 10 நிமிடம், நிபந்தனை, நிலை "காலி" ஆக இருக்க வேண்டும் அல்லது பழைய பிடிப்பு காலாவதியாகியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட வரிகள் 1 என்றால் ஆசனம் கிடைத்தது, 0 என்றால் இல்லை. ஒரே நேரத்தில் இருவர் வந்தால் தரவுத்தளம் அந்த வரியைப் பூட்டும். இரண்டாவது அப்டேட் காத்திருந்து, நிபந்தனையை மறுபடி பார்த்து 0 என்று திரும்பும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியிலும், போஸ்ட்கிரஸின் வழமையான ரீட் கமிட்டட் நிலையிலும் இது இப்படித்தான் நடக்கும்.

ஆசனத்துக்கு வரி வைக்காமல் பதிவு ஒன்றுக்கு ஒரு வரி சேர்க்கும் அமைப்பென்றால் இன்சர்ட் செய்து, யுனிக் மீறலைப் பிடியுங்கள். அதன் பிழை எண் மைஎஸ்கியூஎல்லில் 1062, போஸ்ட்கிரஸில் 23505. ஒப்ஜெக்ட்களைத் தரவுத்தள வரிகளாகச் சேமிக்கும் ஜேபிஏ பாவித்தால் சேவ் அழைத்த வரியில் இந்த எக்செப்ஷன் வராமல், ஃப்ளஷ் (தேங்கியிருப்பதைத் தரவுத்தளத்துக்கு அனுப்புதல்) அல்லது கமிட் நேரத்தில்தான் வரக்கூடும். ட்ரை பிளொக்கை டிரான்சாக்ஷனல் மெதட்டுக்கு உள்ளே வைத்தால் அது உங்களிடம் சிக்காது. வெளியே பிடியுங்கள். போஸ்ட்கிரஸில் மீறல் வந்த டிரான்சாக்ஷன் அதற்குமேல் உதவாது, ரோல்பேக் செய்தே ஆக வேண்டும். ரத்துசெய்த பதிவுகளை அதே அட்டவணையில் வைத்திருந்தால் சாதாரண யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் அந்த ஆசனத்தை மறுபடி விற்க விடாது. போஸ்ட்கிரஸில் நிபந்தனையுள்ள யுனிக் இன்டெக்ஸ் போடலாம்; மைஎஸ்கியூஎல்லில் அது இல்லை, ரத்தானவற்றை வேறு அட்டவணைக்கு நகர்த்துவது எளிது.

பேமன்ட் கேட்வேயை எந்தப் பூட்டுக்குள்ளும், திறந்த டிரான்சாக்ஷனுக்குள்ளும் அழைக்காதீர்கள். அங்கே பதில் வர 30 வினாடி ஆனால் அத்தனை நேரமும் மற்ற எல்லோரும் நிற்பார்கள், தரவுத்தளத் தொடர்புகளும் தீர்ந்துபோகும். 10 நிமிடப் பிடிப்பு அதற்காகத்தான். பணம் வந்ததும் இன்னொரு நிபந்தனை அப்டேட்: நிலை "பிடித்தது", பிடித்தவர் இவரே என்றால் மட்டும் "விற்றது" ஆக்கு. 0 வந்தால் பிடிப்பு காலாவதியாகி ஆசனம் கைமாறிவிட்டது. பணத்தைத் திருப்பும் வழி அந்த இடத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு குடும்பம் மூன்று ஆசனம் கேட்டால் மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனில், ஆசன இலக்கத்தின் ஏறுவரிசையில் பிடியுங்கள். ஒருவர் 14, 15 என்றும் மற்றவர் 15, 14 என்றும் போனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் டெட்லொக் வரும். ஜாவா பூட்டுகளிலும் இதே விதி. ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஆசனம் மாற்றும் மெதட் இரண்டு பஸ் ஒப்ஜெக்ட்களைப் பூட்டுமானால், பயண இலக்கம் சிறியதை முதலில் பூட்டுங்கள். செயலி உறைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் திரெட்களின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கருவியை ஓட்டிப் பாருங்கள். ஜாவா பூட்டுகளின் டெட்லொக் என்றால், எந்தத் திரெட் எதைப் பிடித்து எதற்காக நிற்கிறது என்று வெளியீட்டின் முடிவில் தெளிவாக எழுதும்.

ஜாவா 21இல் விர்ச்சுவல் திரெட் (சில உண்மையான திரெட்களின் மேல் ஓடும் இலகுவான திரெட்) பாவிப்பவர்கள் கவனிக்க: சின்க்ரனைஸ்ட் பிளொக்குக்குள் ஐஓ செய்து காத்திருந்தால் கீழேயிருக்கும் உண்மையான திரெட்டும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். ஜாவா 24இல் இது சரிசெய்யப்பட்டுவிட்டது.

திருத்தியதைச் சோதிக்க, கையால் இரண்டு பிரவுசரில் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்ப்பது போதாது. கவுன்ட்டவுன்லாட்ச் ஒன்றில் 50 திரெட்களை நிறுத்தி, ஒரே கணத்தில் திறந்து, எல்லோரும் அதே ஆசனத்தைக் கேட்கட்டும். வெற்றி சரியாக 1, தோல்வி 49 என்று உறுதிசெய்யுங்கள். அதையே ஆயிரம் தடவை ஓட்டுங்கள். முதலில் பழைய கோடில், கன்டெய்ன்ஸ்கீக்கும் புட்டுக்கும் நடுவே 50 மில்லிவினாடி ஸ்லீப் போட்டு இந்தச் சோதனை தோற்பதைப் பாருங்கள். தோற்கத் தெரியாத சோதனை எதையும் நிரூபிக்காது. பிறகு ஒரே தரவுத்தளத்துக்கு எதிராக இரண்டு ஜேவிஎம்களை ஏற்றி அதையே செய்யுங்கள்.

யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டை ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில் சேர்க்கப் போகும்போது, ஏற்கெனவே இரட்டைப் பதிவுகள் இருந்தால் கட்டளை தோற்கும். பயணம், ஆசனம் இரண்டாலும் குரூப் பை செய்து, எண்ணிக்கை 1ஐவிடக் கூடியவற்றை எடுங்கள். இனிப் புறப்படவிருக்கும் பஸ்களுக்கான வரிகளை முதலில் பாருங்கள். அந்தப் பயணிகளுக்கு பஸ் புறப்படும் முன்பே அழைத்துச் சொல்லி வேறு ஆசனம் கொடுத்துவிட்டு, அதன்பிறகு கன்ஸ்ட்ரெய்ன்ட்டைப் போடுங்கள்.